நடுவரிசைக்காரர்கள் வீட்டுக்குப் போங்கள்

வருஷம் முழுக்க எனக்கு எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து உண்டு. மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. அன்று வெர்மான்ட் மாநிலத்து ஆஷ்பி என்கிற எங்கள் ஊரின் வருடாந்தர ஊர்க்கூட்டத்துக்கு நான் தலைவி. பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் மரச்சுத்தியும் கையுமாக நின்று, யார் பேசலாம், யார் வாயை மூடலாம் என்று சொல்வதுதான் என் வேலை. யார் என்ன உளறினாலும் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று என் கணவரைக் கேட்டால் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அடக்கி வைத்ததெல்லாம் அவர் தலையில்தான் கொட்டும்.

இந்த வருஷம் கூட்டம் தொடங்கும்போது ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பனி இல்லை, சுத்தமான மழை. வாசலில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் உறைநிலைக்கு நன்றாக மேலே நின்றது. "கடைசியில வெர்மான்ட்டுக்கும் வசந்தம் வழி கண்டுபிடிச்சு வந்துடுச்சுப்பா" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. சாலையில் பனி தள்ளும் லாரியை மாற்றுவதா, பழையதையே இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டுவதா என்பதுதான் அப்போது ஓடிக்கொண்டிருந்த சண்டை. சாலைப் பொறுப்பாளன் டெல்பர்ட் எழுந்து, "அந்த லாரிக்கும் எனக்கும் ஒரே வயசு. ரெண்டு பேருக்கும் இடுப்பு போச்சு. என்னை மாத்த உங்களுக்கு வழியில்ல, அதையாவது மாத்துங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில்தான் பின்கதவைத் திறந்துகொண்டு ஒடீல் மார்கூ வந்தாள். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

ஒடீலை எங்கள் ஊரில் எல்லோருக்கும் குரலாகத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் கார்பின் ஊரிலிருக்கும் சின்ன ரேடியோ நிலையத்தில் காலையில் வானிலை சொல்கிறவள். பல்கலைக்கழகத்தில் காற்றையும் மேகத்தையும் படித்துவிட்டு, பெரிய ஊரில் வேலை கிடைத்தும் போகாமல் இங்கே உட்கார்ந்திருப்பவள். விமான நிலையத்து வானிலைக்காரர்கள் மாவட்டம் முழுக்கவும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஆஷ்பி ஆற்றங்கரையில் தொடங்கி மலைமுகடு வரைக்கும் ஏறுகிற ஊர். கீழே ஒருவன் சேற்றில் கால் புதைந்து நிற்கும்போது மேலே ஒருத்தி பனிச்சறுக்குக் கட்டையைத் தேடிக்கொண்டிருப்பாள். அதனால் புயல் வருகிற நாளெல்லாம் ஒடீல் ஒவ்வொரு உயரத்திலும் இருக்கிற வீட்டுச் சமையலறைக்குப் போன் போடுவாள். "கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருக்கீங்களா? கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டுங்க. என்ன விழுது?" என்று கேட்பாள். சட்டைக் கையில் நட்சத்திர வடிவப் பனித்துகள் உடையாமல் நின்றால் பொடிப்பனி. கட்டி கட்டியாக ஒட்டி உடனே கரைந்தால் ஈரப்பனி. வெறுமனே நனைந்தால் மழை. இப்படிக் கேட்டுக் கேட்டு, மழை எந்த உயரத்தில் பனியாக மாறுகிறது என்று விரலை வைத்துக் காட்டுவாள். எனக்கு அவள் வேலை பிடிக்கும். சுத்தமான வேலை.

அன்று காலையிலும் அவள் போன் போட்டிருக்கிறாள். எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? அத்தனை பேரும் கூட்டத்தில் இருந்தோம். எங்கள் ஊரின் புத்திசாலித்தனம் இதுதான். வருஷத்தில் முக்கியமான முடிவுகளை எடுக்கிற ஒரே நாளில் மலையைக் காலி செய்துவிட்டு, ஊரிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில், ஆற்றை ஒட்டி வந்து உட்கார்ந்துகொள்வோம். அந்த ஜன்னலில் தெரிகிறதுதான் வானம் என்று நம்பியும் விடுவோம். போனில் ஆள் கிடைக்காததால் ஒடீல் மலையைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டாள்.

"தலைவரம்மா, நான் பேசணும். ரெண்டே நிமிஷம்."

"எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்பது விதி.

"கார்பின்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. வெளியூர்க்காரர் எங்கள் கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். ஆளுநரே வந்தாலும் அதுதான் விதி. நான் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பதற்குள் ராய்ஸ் க்ளூட்டியே எழுந்துவிட்டார்.

ராய்ஸுக்கு மலையின் பாதி உயரத்தில், கல்லறைத் தோட்டத்து வளைவுக்குச் சற்று மேலே, மாட்டுப்பண்ணை. நாற்பது கறவை மாடுகள், தாழ்ந்த சரிவுள்ள நீளமான ஒரு கொட்டகை. மனைவி போன பிறகு அந்த மாடுகள்தான் அவருக்கு வீடு, வாசல், சொந்தம், பந்தம் எல்லாம்.

"தலைவரம்மா, ஜனவரியில இந்தப் பொண்ணு ரேடியோவுல என்ன சொல்லுச்சு? முழங்கால் வரைக்கும் பனி வரும், கூரையைச் சுத்தம் பண்ணி வைங்கன்னு சொல்லுச்சு. நானும் நம்பி ஏறினேன். வழுக்கி விழுந்தேன். தோள்பட்டை எறங்கி, கையைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு ஒன்றரை மாசம் திரிஞ்சேன். என் மாட்டை அடுத்தவன் கறந்தான், நான் நின்னு வேடிக்கை பாத்தேன். பனி எவ்வளவு வந்துச்சு தெரியுமா? பல்லிடுக்குல வைக்கக்கூடக் காணாது. மழை! இன்னைக்குக் கொட்டுதே, இதே மழை! ஜோசியம் சொல்லணும்னா அவங்க ஊர்ல சொல்லட்டும்."

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. ஓட்டுக்கு விட்டேன். சம்மதிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். பாதிக்கு மேல் இருந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியை மேஜையில் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன். "அனுமதி இல்லை."

ஒடீல் முகம் சுளிக்கவில்லை. "சரிங்க தலைவரம்மா" என்று சுவரோரமாகப் போய் நின்றாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் என்னையோ ராய்ஸையோ பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கண்ணாடியில் விழுந்த மழைத்துளிகள் முன்பு மாதிரி ஓடவில்லை. கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கின.

அன்றைக்கு எனக்குக் கருத்து கிடையாதுதான். ஆனால் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்வது என் கையில் இருந்தது. "மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை!" என்று அறிவித்தேன்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது, பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். "லவினா, உனக்குப் பைத்தியமா? மணி என்னன்னு பாத்தியா? பீன்ஸ் இன்னும் கல்லு மாதிரி கெடக்கு!"

"நல்லா வேகட்டும். இடைவேளைன்னா சாப்பிட்டே ஆகணும்னு சட்டம் இல்ல" என்றேன். பிறகு சுத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒடீலைப் பார்த்தேன். இடைவேளையில் யாரும் யாரோடும் பேசலாம்.

அவள் புரிந்துகொண்டு ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"ஜனவரியில நான் தப்பு பண்ணேன். ராய்ஸ் அண்ணன் சொன்னது அத்தனையும் நெஜம். ஊர் முழுக்க ஒரே அளவைச் சொன்னேன். ஆஷ்பி ஒரே ஊர் இல்ல, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வெச்ச ஏழெட்டு ஊர். இன்னைக்கு ஒரே அளவு சொல்ல மாட்டேன். எல்லாரும் எந்திரிச்சு அந்தப் படி இருக்கைக்குப் போங்க. உங்க வீடு எவ்வளவு உயரமோ அந்த வரிசையில உக்காருங்க. ஆத்தோரம் இருக்கறவங்க கீழ் வரிசை, முகட்டுக்காரங்க உச்சி வரிசை."

 முதலில் டெல்பர்ட் எழுந்து, "நான் சர்ச்சுக்குப் பின்னாடி. கீழ இருந்து ரெண்டாவதா?" என்றான். அவ்வளவுதான், கூடமே திமுதிமுவென்று கிளம்பிவிட்டது. பந்து விளையாட்டைப் பார்க்கப் போட்டிருக்கும் அந்தப் படிகளில் எங்கள் மலை ஏறி உட்கார்ந்தது. "நான் உனக்கு மேலடா, என் கிணத்துத் தண்ணி உன் தோட்டத்துக்கு ஓடுது, தெரியாதா?" என்று ஒருவர். "நீ மேலதான், உன் புத்திதான் கீழ" என்று இன்னொருவர். எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பல வருஷமாகப் பேசாத இரண்டு பேர் ஒரே வரிசையில் தோளோடு தோள் இடித்து உட்கார வேண்டி வந்தது. நான் நடு வரிசையில் உட்கார்ந்தேன், கல்லறை வளைவுக்கு மேலே எங்கள் வீடு.

ராய்ஸ் மட்டும் ஏறவில்லை. காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஒடீல் கீழ் வரிசையிலிருந்து தொடங்கினாள். "உங்களுக்கு மழைதான். சாயங்காலம் கொஞ்சம் சேறும் பனியுமா வரும். நிலவறையில தண்ணி ஏறினா பம்ப்பைப் போடுங்க. பீன்ஸ் வேகற வரைக்கும் நிம்மதியா உக்காருங்க." பிறகு உச்சி வரிசைகளைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் நிறைய பனி. ஆனா பொடி. கூரையில நிக்கறதுக்கு முன்னாடி காத்து வாரிக்கிட்டுப் போயிடும். வண்டியை எடுக்காம இருந்தா போதும்." அப்புறம் எங்களைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "நடு வரிசை. மழை பனியா மாறுற கோடு உங்க மேல வந்து உக்காரப் போகுது. உக்காந்தா எந்திரிக்காது. ஈர சிமெண்ட் மாதிரி பனி. சறுக்காது, பறக்காது, கரையாது. இப்பவே வீட்டுக்குப் போய்க் கூரைப் பனியை எறக்குங்க."

"ஏம்மா, வெளிய தெர்மாமீட்டர் அவ்வளவு மேல நிக்குதே?" என்று டெல்பர்ட் கேட்டான். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தாள். அதன் அடியில் குழந்தையின் காலுறை ஒன்றை ஈரமாக மாட்டியிருந்தாள். கூடம் சிரித்தது, அவளும் சிரித்தாள். "காஞ்ச தெர்மாமீட்டரை நம்பாதீங்க. காத்தால காத்து வறண்டு கெடந்துச்சு. நனைஞ்ச சட்டையோட காத்துல நின்னா எப்படி வெடவெடன்னு வருது? மழை விழ விழ காத்துக்கும் அதே கதைதான், தன்னைத்தானே குளிரவெச்சுக்கும். இது எவ்வளவு காட்டுதோ அங்க வந்து நிக்கும். பாருங்க." டெல்பர்ட் வாங்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றில் ஆட்டிப் பார்த்தான். உறைநிலைக்கு ஒரு மயிரிழைதான் மேலே இருந்தது. "இதுவும் இந்த ஆத்தங்கரையில" என்றாள்.

டெல்பர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு அந்தக் கிழட்டு லாரியைக் கிளப்பப் போனான்.

நான் பல பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். கூட்டம் நடத்துகிறவளுக்கு அது தலையெழுத்து. பாதிப்பேர் தங்களுக்குத் தெரிந்ததைக் காட்டப் பேசுவார்கள். இந்தப் பெண் எங்களுக்குத் தேவையானதை மட்டும், அவரவர் படியில் கொண்டுபோய் வைத்தாள். அதற்கு முன்னால் தன் தப்பைத் தானே எடுத்து நடுக்கூடத்தில் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவேளைதானே, கலங்கலாம்.

அவள் கடைசியாக ராய்ஸிடம் போனாள். "அண்ணே, ஜனவரிக்கு அப்புறம் நீங்க கூரை ஏறல. அதுக்கப்புறம் விழுந்த பனி அத்தனையும் அங்க உக்காந்திருக்கு. இது அதுமேல வந்து உக்காரும்."

"நான் பீன்ஸுக்காக நிக்கறேன்" என்றார் ராய்ஸ், திரும்பாமலே.

நாங்கள் கிளம்பினோம். நடு வரிசைக்காரர்களின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின. ஒடீல் என் வண்டியில் இருந்தாள். பள்ளத்தில் மழை, சர்ச்சு தாண்டியும் மழை. கல்லறை வளைவில் திரும்பியதும் முன்கண்ணாடியில் சொத், சொத்தென்று ஏதோ விழத் தொடங்கியது. அடுத்த திருப்பத்தில் சாலை, வேலி, மரம் எல்லாம் வெள்ளை. ஒரு திருப்பத்துக்குள் உலகம் மாறிவிட்டது. ஒடீல் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினாள். கறுப்புச் சட்டையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்து ஒட்டியது. "வந்துடுச்சுக்கா" என்றாள். குரலில் சந்தோஷம் துளியும் இல்லை.

ராய்ஸ் வீட்டு வாசலில் முதல் வண்டி நின்றது. இரண்டாவதும் நின்றது. யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லா வண்டியும் நின்றுவிட்டது. எங்கள் வீடுகளில் காப்பாற்ற இருந்தது விறகுக் கொட்டகை, கார் கொட்டகை, மேப்பிள் மரப்பாகு காய்ச்சுகிற குடிசை. இந்த ஒரு கூரைக்குக் கீழேதான் உயிர் இருந்தது. தாழ்வான நீளக் கூரையில் பழைய பனி இடுப்பளவு கிடந்தது. அதன்மேல் புதுசு கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு மாடு கத்தியது.

ஏணி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, பனி வாரும் ஷவல்களோடு ஏறினோம். பேசாத அந்த இரண்டு பேரும் ஒரே கயிற்றில் இருந்தார்கள். ஒரு ஷவல் பனியைத் தூக்கினால் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்குகிற மாதிரி இருந்தது. ஒடீல் என்னைவிட ஒல்லி, ஆனால் நிறுத்தவில்லை. "ஒரு பக்கத்தை மட்டும் காலி பண்ணாதீங்க, சமமா எறக்குங்க, இல்லேன்னா கூரை முறுக்கிக்கும்" என்று கத்திக்கொண்டே வாரினாள்.

கொஞ்ச நேரத்தில் ராய்ஸின் வண்டி சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. "என் கூரையை விட்டு எறங்குங்கடா! உங்களை யாரு கூப்பிட்டா?" என்று கத்தினார்.

அப்போது கூரை முனகியது. நீளமான, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். எல்லோரும் ஷவலை நிறுத்தினோம். ராய்ஸின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. கொட்டகைக்குள் ஓடினார்.

"அண்ணே, வெளிய வாங்க! உள்ள நிக்காதீங்க!" ஒடீல் கூரை விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள்.

"அதுங்க உள்ள இருக்கறப்ப நான் எங்கம்மா வெளிய வர?" கீழேயிருந்து அவர் குரல் வந்தது. உடைந்த குரல். "தோளு போச்சு, மேல ஏற முடியாது. இங்கேருந்து சொல்றேன். கிழக்குக் கோடியில மூணாவது உத்தரம் வளையுது. முதல்ல அங்க வாருங்க!"

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி நடந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அவர் மரத்தின் சத்தத்தைக் கேட்டுச் சொன்னார். ஒடீல் அதை வாங்கி எங்களை நகர்த்தினாள். "நடுவுல கிறீச்சுங்குது!" "நடுவுக்கு வாங்க, ரெண்டு பக்கமும்!" "இப்ப பரவால்ல, மேற்கால போங்க!" காலையில் வாயைத் திறக்கவே விடாத மனுஷனும் பேச அனுமதி கிடைக்காத பெண்ணும் ஒரு கூரையை நடுவில் வைத்துக்கொண்டு ஓயாமல் பேசினார்கள். மாடுகளையும் பெயர் சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார் ராய்ஸ். அந்தக் குரல் பலகை இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டே இருந்தது.

எங்கள் வீட்டு விறகுக் கொட்டகை அந்தச் சமயத்தில் எப்போதோ விழுந்திருக்கிறது. விழட்டும். விறகு கத்தாது.

கைகள் மரத்துப்போன பிறகு பழைய பனியின் அடித்தட்டும் சரிந்து விழுந்தது. கூரைப் பலகை கறுப்பாகத் தெரிந்தது. ஒடீல் ஷவலை வைத்துவிட்டுக் கையை வானத்துக்கு நீட்டினாள். சட்டையில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் உடையாமல் விழுந்தன. "கோடு நம்மைத் தாண்டிக் கீழ போயிடுச்சு. இனிமே பொடிதான். இந்தக் கூரை தாங்கும். எல்லாரும் எறங்குங்க" என்றாள்.

இறங்கினோம். ராய்ஸ் வெளியே வந்தார். வைக்கோல் தூசியும் கண்ணீரும் சேர்ந்து முகம் முழுக்க அப்பியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் சங்கடத்தோடு காலைப் பார்த்துக்கொண்டோம். அவர் நேராக ஒடீலிடம் போய் நின்றார். அவள் ஏணியில் சாய்ந்து குளிரில் பல் தந்தியடிக்க நின்றுகொண்டிருந்தாள். அவர் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டார்.

"நாளைக்கு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே" என்றாள் ஒடீல். "இன்னும் பாக்கல. வந்ததுலேருந்து உங்க கூரைமேலதானே இருந்தேன்."

ராய்ஸ் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப உள்ள வந்து அடுப்புகிட்ட உக்காந்து நிதானமா பாரு" என்றார். "பாத்துட்டு எனக்கு மொதல்ல சொல்லு."